எக்ஸ்ட்ராவியல்

உலகத்துப் பொருள்களை உயர்திணை, அஃறிணை என்று இரண்டாகப் பகுத்த இலக்கணிகள் சொந்த வீடு கட்டியவர்களாக இருந்திருக்க வழியில்லை. கட்டியிருந்தால் எக்ஸ்ட்ரா என மூன்றாவதாக ஒரு திணை வைத்திருப்பார்கள். எக்ஸ்ட்ராவாவது யாதோ எனின், அக்ரிமென்ட்டில் இல்லாததும் பில்லில் இருப்பதும் ஆகிய பொருள் என்க. 'வீட்டைக் கட்டிப் பார்' என்ற பழமொழியில் தொடங்காமல் இப்பொருளை அணுகும் முதல் ஆய்வு இதுவாகத்தான் இருக்கும். அந்தப் பெருமையை இங்கேயே பதிவு செய்துவிடுகிறேன்.

எக்ஸ்ட்ரா இருவகைப்படும்: கேட்டு வருவது, கேளாமல் வருவது. மூன்றாவது வகையொன்று உண்டு, அது 'நீங்கதானே கேட்டீங்க' என்று வருவது. அதைப் பின்னால் பார்ப்போம்.

முதலில் மூல நூலைப் பார்த்துவிட வேண்டும். காண்ட்ராக்டரும் வீட்டுக்காரரும் செய்துகொள்ளும் அக்ரிமென்ட் பெரும்பாலும் இரண்டே பக்கம். முதல் பக்கத்தில் இருவரின் தகப்பனார் பெயரும் விலாசமும் தெளிவாக இருக்கும். இரண்டாம் பக்கத்தில் சதுர அடிக்கு இவ்வளவு ரூபாய் என்ற தொகையும், 'முதல் தரமான' என்ற அடைமொழியை வாங்கிக்கொண்டு சிமென்ட், கம்பி, டைல்ஸ், பெயின்ட் ஆகியவையும் வரிசையாக நிற்கும். சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்ட் சுவர், எலிவேஷன், மாடிப்படிக்கு மேலே வரும் ஹெட்ரூம், மொட்டை மாடித் தளத்துத் தட்டோடு ஆகியவற்றைப் பற்றி மூல நூல் மௌனம் சாதிக்கும். வீட்டுக்காரர் அந்த மௌனத்தை 'எல்லாம் அடக்கம்' என்று படிக்கிறார். காண்ட்ராக்டர் 'எதுவும் அடக்கமில்லை' என்று படிக்கிறார். ஒரே மூலத்துக்கு இரண்டு உரை. பிற்காலத்தில் நிலைப்பது எப்போதும் இரண்டாவது உரைதான். ஏனெனில் அந்த உரையாசிரியரின் கையில்தான் கரண்டி இருக்கிறது.

13ஆம் நூற்றாண்டில் பவணந்தியார் நன்னூல் பாயிரத்தில் ஒரு நூலுக்கு வரும் பத்துக் குற்றங்களைச் சொன்னார். குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல் என்பவை அவற்றில் முதல் மூன்று. அக்ரிமென்ட் குன்றக் கூறுகிறது. அதன் வழிநூலாகிய பில், மிச்ச இரண்டையும் செய்துவிடுகிறது.

கூறியது கூறலுக்குச் சான்று மண். பன்னிரண்டு பில்லர் குழி, ஒவ்வொன்றும் ஐந்துக்கு ஐந்து, ஆழம் ஐந்து அடி என்று பேச்சு. தோண்டிப் பார்த்தபின், 'மண்ணு சரியில்ல சார், இன்னும் ரெண்டு அடி போகணும்' என்கிறார் காண்ட்ராக்டர். குழிக்கு 50 கன அடி, ஆக 600 கன அடி, அதாவது 6 யூனிட் மண் கூடுதலாக மேலே வருகிறது. தோண்டியதற்கு எக்ஸ்ட்ரா. வந்த மண் இடத்தை அடைக்கிறதாம், அப்புறப்படுத்த டிராக்டர் வாடகை எக்ஸ்ட்ரா. பிறகு பேஸ்மென்ட்டை நிரப்ப மண் வேண்டும்; அதற்கு லோடு எக்ஸ்ட்ரா. போன மண்தான் திரும்பி வருகிறதா என்பது தத்துவத் துறையினர் ஆராய வேண்டியது.

நடுநிலை கருதி ஒன்று சொல்ல வேண்டும். ஆழத்துக்கான எக்ஸ்ட்ரா பல சமயம் நியாயமானது. கரிசல் மண் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும்; அதன்மேல் ஆழமில்லாமல் நிற்கும் சுவர் இரண்டாம் கோடையில் மூலைக்கு மூலை பிளக்கும். பூமிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று எந்த அக்ரிமென்ட்டாலும் சொல்ல முடியாது. ரேட் பேசுவதற்கு முன்னால் மண் பரிசோதனை செய்திருந்தால் சொல்லியிருக்கலாம். அதற்கான செலவை மிச்சம் பிடித்தவர் வீட்டுக்காரர். இந்த எக்ஸ்ட்ராவைக் கொடுத்துவிடுவதே அறம். டிராக்டர் வாடகையில் நின்று சண்டை போடலாம்.

மிகைபடக் கூறலுக்கு வருவோம். இதன் உச்சம், இல்லாத சுவரைப் பூசியதற்குப் பணம் வாங்குவது. ஆச்சரியம் என்னவென்றால் இதில் பாதிக்கு அரசாங்க ஆதாரம் இருக்கிறது. கட்டட வேலையை அளக்கும் முறையைச் சொல்லும் இந்தியத் தரநிலை ஐ.எஸ். 1200. அதன் பூச்சு பற்றிய பகுதி, அரை சதுர மீட்டருக்குள் அடங்கும் துவாரத்துக்குக் கழிவே வேண்டாம் என்கிறது. அதற்கு மேல் மூன்று சதுர மீட்டர் வரை உள்ள ஜன்னல், கதவுகளுக்கு ஒரு பக்கம் மட்டும் கழித்தால் போதும். நாலுக்கு நாலரை ஜன்னல் 18 சதுர அடி, சுமார் 1.67 சதுர மீட்டர். எனவே உள்பக்கம் கழித்தால் வெளிப்பக்கம் கழிக்க வேண்டியதில்லை. காற்று வருகிற இடத்தைப் பூசிய கூலி தரநிலைப்படி செல்லும். காரணம் இல்லாமலில்லை. ஜன்னலைச் சுற்றியுள்ள சுவர்க்கனத்தையும் கொத்தனார் பூசியாக வேண்டும். அதைத் தனியாக அளக்காமல் இப்படி ஈடுகட்டினார்கள். நம் காண்ட்ராக்டர் இந்த விதியின் முதல் பாதியைக் கடைப்பிடிப்பார், அதன்பின் அந்தச் சுவர்க்கனத்தையும் ரன்னிங் அடிக் கணக்கில் தனியே எழுதுவார். ஆய்வாளர் டேப் பிடிக்க வேண்டிய இடம் இதுவே.

கதவு இன்னும் விசித்திரமானது. ஏழுக்கு மூன்று பலகைக் கதவின் பரப்பு 21 சதுர அடி. பெயின்ட் அடிக்கும்போது, பள்ளமும் மேடும் விளிம்பும் இருப்பதால், பக்கத்துக்கு 1.30 மடங்கு என்று அளப்பது முறை. இரண்டு பக்கமும் சேர்த்து 54.6. மரத்தை வாங்கும்போது 21 ஆக இருந்த பொருள் வண்ணம் பட்டதும் விரிவடைகிறது. சம்ப் கட்ட ரேட்டோ லிட்டர் கணக்கில். அங்கே சுவருக்கன்று, சுவர்களுக்கு நடுவில் உள்ள வெறுமைக்கே விலை.

இனி, பின்னால் பார்ப்பதாகச் சொன்ன மூன்றாம் வகை. இதன் பிறப்பிடம் வீட்டுக்காரரின் குடும்பம். மாலை ஐந்து மணிக்குத் தண்ணீர் ஊற்ற வரும் மாமியார், 'கிச்சன்ல ஒரு லாஃப்ட் போட்டுடேம்ப்பா' என்கிறார். ஞாயிற்றுக்கிழமை வரும் மைத்துனர் பூஜை அறை வாசலை அரையடி நகர்த்தச் சொல்கிறார், வாஸ்து. காண்ட்ராக்டர் இருவரிடமும் விலை சொல்வதில்லை. 'செஞ்சிடலாம்மா' என்கிறார். இதைவிட விலையுயர்ந்த சொல் தமிழில் கிடையாது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 70ஆம் பிரிவு என்ன சொல்கிறதென்றால், இனாமாகச் செய்யும் எண்ணமின்றி ஒருவர் உனக்கு ஒன்றை முறைப்படி செய்து, நீ அதன் பயனை அனுபவித்தால், ஈடு கொடு. இல்லையேல் பொருளைத் திருப்பிக் கொடு. லாஃப்ட்டைத் திருப்பிக் கொடுப்பது எப்படி என்று சட்டம் விளக்கவில்லை. அதில் மாமியார் ஏற்கெனவே பித்தளை அண்டாவை ஏற்றிவிட்டார்.

எக்ஸ்ட்ரா எந்தக் காலத்தில் பிறக்கிறது என்பதும் ஆராயத்தக்கது. அஸ்திவாரத்தின்போதும் பூச்சின்போதும் அது தனித்தனியாகத் தலைகாட்டும். கூட்டமாக வருவது ரூஃப் கான்கிரீட்டுக்கு முந்தின இரவில். சென்ட்ரிங் அடித்தாயிற்று, தகட்டுக்கு நாள் வாடகை ஓடுகிறது, கம்பி கட்டியாயிற்று, மிக்சர் மெஷின் தெருவில் நிற்கிறது, மறுநாள் ஆட்களுக்குப் பிரியாணி சொல்லியாயிற்று. அப்போது ஒரு துண்டுச் சீட்டு நீட்டப்படுகிறது. 'நாளைக்குப் பேசிக்கலாம்' என்று சொல்ல முடியாத ஒரே இரவு அது. கல்யாண மண்டபத்தில் தாலி கட்டும் நேரத்தில் மோதிரம் கேட்ட மாப்பிள்ளைகளைச் சமூகம் கண்டித்திருக்கிறது. இவரைக் கண்டிக்க ஆளில்லை.

விலைவாசி என்பது எக்ஸ்ட்ராவின் வினைச்சொல். அதற்கு ஏற்றம் என்ற ஒரே இடம்தான் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் சிமென்ட்டின் ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. நண்பர் ஒருவரின் வீடு அப்போது லிண்டல் மட்டத்தில். மூட்டைக்கு எவ்வளவு குறைப்பீர்கள் என்று ஆவலோடு கேட்டார். 'அது நம்ம பக்கம் இன்னும் வரல சார்' என்றார் காண்ட்ராக்டர், புயல் சின்னத்தைப் பற்றிப் பேசுவதுபோல. பில் கேட்டால் மட்டும் 18 சதவீதம் அன்றைக்கே வந்துவிடும்: 'பில் வேணும்னா ஜி.எஸ்.டி. எக்ஸ்ட்ரா சார்.' பொருளும் கூலியும் சேர்ந்த ஒப்பந்தத்துக்கு அந்த வரி உண்மையிலேயே உண்டு. தனி வீடு ஒன்றுக்குக் கூலி மட்டும் பேசிய ஒப்பந்தத்துக்கு விலக்கு உண்டு. இந்த வேறுபாட்டை எடுத்துச் சொல்லும் வீட்டுக்காரரைக் காண்ட்ராக்டர் புதிய மரியாதையோடு பார்ப்பார், பிறகு டைல்ஸில் பிடித்துக்கொள்வார்.

பரிகாரங்கள் சில வழக்கில் உள்ளன. வீடு கட்டித் தருவது நுகர்வோர் சட்டப்படி சேவையே என்று உச்ச நீதிமன்றம் 1993இல் லக்னோ வளர்ச்சி ஆணையம் தொடர்பான வழக்கில் தீர்ப்பளித்தது; இன்றைக்கு 50 லட்சம் வரையிலான விவகாரத்தை மாவட்ட ஆணையத்திலேயே கொடுக்கலாம். அங்கே போனால் முதலில் கேட்கப்படுவது கையெழுத்திட்ட காகிதம். மாமியார் சொன்னது காகிதத்தில் இல்லை. ஆகவே பழைய கோடு போட்ட நோட்டு ஒன்றைச் சைட்டிலேயே ஆணியில் தொங்கவிட்டு, கூடுதல் வேலை எதுவானாலும் தேதி, அளவு, ரேட் எழுதி இருவரும் கையெழுத்திட்ட பிறகே கலவை போடுவது என்று ஒரு சிறுபான்மைக் கட்சியினர் வைத்துக்கொள்கின்றனர். இவர்களிடம் காண்ட்ராக்டர்கள் ரேட்டையே சற்று உயர்த்திச் சொல்கிறார்கள் என்பது எதிர்க்கட்சியின் வாதம். இரண்டும் கணக்கில் ஏறக்குறைய ஒன்றுதான் என்றாலும், முதல் முறையில் தூக்கம் வருகிறது.

பெரும்பான்மையோர் கையாள்வது கடைசித் தவணையைப் பிடித்து வைக்கும் முறை. காண்ட்ராக்டரும் அதற்கு ஈடாக ஒரு பாத்ரூம் கதவையும் நான்கு சுவிட்ச் போர்டையும் பிடித்து வைப்பார். சில வாரங்கள் இருவரும் போனை எடுப்பதில்லை. கடைசியில் கிரகப்பிரவேசத் தேதி நெருங்கும். பொதுவான ஒரு மனிதர் நடுவில் உட்கார்ந்து, கேட்டதற்கும் கொடுப்பதற்கும் சரிபாதியில் ஒரு தொகை சொல்வார். அந்தப் பாதியைக் கணக்கிட்டே முதலில் கேட்டிருப்பதால் காண்ட்ராக்டர் வருத்தமான முகத்தோடு சம்மதிப்பார்.

விழாவன்று அவர் குடும்பத்தோடு வருவார். தாம்பூலத் தட்டில் வேட்டி துண்டு வைத்துக் கொடுக்க, வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். சாப்பிட்டுக் கை கழுவியபின் வீட்டுக்காரரை மொட்டை மாடிக்கு அழைத்துப் போய், பில்லர் தலைகளில் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகளைக் காட்டுவார்.

"மாடி எடுக்கும்போது உதவும்னு ரெண்டடி விட்டு வச்சிருக்கேன் சார். இதுக்கு மட்டும் நான் பில் போடல."