தொண்டையும் சுவரும்

எங்கள் திருப்பாதிரிப்புலியூரில் நடிகனாக நினைத்த பையனுக்கு அன்று தேவைப்பட்டது தொண்டை. இன்று தேவைப்படுவது வெள்ளையடித்த சுவர்.

தொண்டைக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். என் அம்மாவின் மூத்த அண்ணன், எங்களுக்குப் பெரிய மாமா, சிறு வயதில் ஒரு பாய்ஸ் நாடகக் கம்பெனியில் சேர்ந்தவர். ஆள் எடுக்கும்போது முதல் வேலை பாடச் சொல்வதுதான். ஆர்மோனியக்காரர் கட்டையை ஏற்றிக்கொண்டே போவார். ஐந்து கட்டையிலும் பிசிறில்லாமல் நின்றால் பையனுக்குச் சாப்பாடு உறுதி. மைக் இல்லாத கொட்டகையில் கடைசித் தரை டிக்கெட்டுக்குக் கேட்காத குரலை வைத்துக்கொண்டு கம்பெனிக்காரன் என்ன செய்வான்? முகத்தைப் பற்றி அவ்வளவு கவலை இல்லை. அரிதாரம் எதற்கு இருக்கிறது?

அடுத்தது மனப்பாடம். வாத்தியார் சொல்வார், பையன் திருப்பிச் சொல்ல வேண்டும். 1918இல் மதுரையில் பாலர் சபை தொடங்கிய சங்கரதாஸ் சுவாமிகள், ‘அபிமன்யு சுந்தரி’யை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பார்கள். எழுதியவர் மேதை, சரி. மறுநாள் காலை அதை நெட்டுருப் போட உட்கார்ந்த பையன்களை நினைத்தால் எனக்கு அவர்கள்மேல்தான் மரியாதை வருகிறது.

வாத்தியார் ஒரு சொல்லை எங்கே ஏற்றினாரோ அங்கேதான் பையனும் ஏற்ற வேண்டும். “கொஞ்சம் மாத்திப் பாத்தா என்ன மாமா?” என்று நான் ஒருமுறை கேட்டேன். “பிரம்பு அதுக்குத்தான்டா இருந்துச்சு” என்றார்.

விழுப்புரத்தில் பிறந்த சின்னையா மன்றாயர் மகன் கணேசன், பின்னாளின் சிவாஜி, திருச்சியில் யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் கம்பெனியில் சேரப் போனபோது ஒரு பாட்டுப் பாடித்தான் இடம் பிடித்தார். எனக்குப் பிடித்தது பாட்டு அல்ல. தான் ஓர் அநாதை என்று சொல்லிச் சேர்ந்ததாக அவரே பின்னாளில் சொன்னார். அப்பாவும் அம்மாவும் அதே ஊரில் குத்துக்கல்லாக இருக்கும்போது! வாத்தியார்கள் குரலுக்கு மார்க் போட்டுக்கொண்டிருந்தார்கள். நடிப்புத் தேர்வு அதற்கு முன்னாலேயே முடிந்துபோயிருந்தது.

பெரிய மாமாவுக்கு அந்த யோகம் இல்லை. பதினான்கு வயதில் மகரக்கட்டு வந்து குரல் உடைந்தது. நேற்று வரை ஸ்திரீபார்ட் கட்டியவர், ஒரு வாரத்தில் மூட்டை முடிச்சோடு எங்கள் ஊர் ஸ்டேஷனில் இறங்கினார். பிறகு ஆயுசு முழுக்க லாரன்ஸ் ரோட்டில் ஒரு மளிகை மண்டியில் கணக்குப்பிள்ளை. மூட்டை எண்ணிக்கை சொல்லும்போது மட்டும் தெருக்கோடிக்குக் கேட்கும்.

சினிமா வந்ததும் தொண்டையோடு கன்னத்துக்கும் பரீட்சை வந்தது. 1952இல் வெளிவந்த ‘பராசக்தி’ தயாரிப்பில் இருந்தபோது, கணேசன் ஒல்லியாக இருக்கிறார், வேறு ஆள் பார்க்கலாம் என்றார் ஏவி.மெய்யப்பச் செட்டியார். பி.ஏ.பெருமாள் முதலியார் பிடிவாதமாக நின்றார். ஆளைக் கொஞ்சம் தேற்றி, எடுத்ததில் சிலவற்றைத் திரும்ப எடுத்தார்கள். திறமைசாலிக்கு வாய்ப்பு தானாக வரும் என்கிறவர்கள் இந்தப் பெருமாள் முதலியாரைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

எங்கள் காலம், எழுபதுகளின் கடைசி, இருக்கிறதே, அது தொண்டையும் இல்லாத, சுவரும் இல்லாத காலம். போஸ்ட்கார்டு சைஸில் மூன்று போட்டோ: நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, தாடையில் கை வைத்து ஒன்று. ‘புதுமுகங்கள் தேவை’ என்று பத்திரிகையில் வரும் விளம்பரத்துக்குப் போட்டோவோடு மணியார்டரும் போகும். திரும்பி வந்தது மணியார்டர் ரசீது மட்டும்தான். இன்று அதே விளம்பரம் இன்ஸ்டாகிராமில் வருகிறது, ‘ரெஜிஸ்ட்ரேஷன்’ பணத்தை ஜிபேயில் கேட்கிறார்கள். ரசீது அந்த நொடியே வந்துவிடுகிறது. முன்னேற்றம்தான்.

இப்போது சுவர். என் தங்கை பேரன், பொறியியல் முடித்தவன், வெள்ளைச் சுவர் முன்னால் நின்று ஆடிஷன் டேப் எடுத்து அனுப்ப மாடி அறையை ஸ்டுடியோவாக்கிவிட்டான். இட்லிக் குண்டான்மேல் செல்போன். டியூப்லைட் வெளிச்சத்தைத் திருப்பிவிட என் எட்டு முழ வேட்டி. பகலில் பைக் சத்தம், சாயங்காலம் பாடலீஸ்வரர் கோயில் மைக். அதனால் நடிப்பெல்லாம் நள்ளிரவுக்கு மேல்தான். அப்போதும் சோகம் உச்சத்துக்குப் போகும் நேரம் பார்த்து ரயில் ஊதிவிட்டுப் போகும்.

டேப்பில் முதலில் பெயர், வயது, உயரம், ஊர் சொல்ல வேண்டும். ஊர் கடலூராம். திருப்பாதிரிப்புலியூர் என்று சொல்லி முடிப்பதற்குள் பார்க்கிறவர் அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவாராம். பிறகு இடம் திரும்பி, வலம் திரும்பி, இரண்டு கைகளையும் காட்ட வேண்டும். 1906இல் இதே ஊரில் பிறந்த புதுமைப்பித்தனும் சினிமாவுக்குப் போனவர்தான். வசனம் எழுதப் போனதால் யாரும் அவரைப் பக்கவாட்டில் திரும்பச் சொல்லவில்லை.

எதிர் வசனம் படிப்பது நான். “படிங்க தாத்தா, நடிக்காதீங்க” என்கிறான். கேமராவுக்கு ஒட்டினாற்போல் நின்று, அவன் குரலைவிடத் தணிந்து படிக்க வேண்டும். அவன் பார்வை லென்ஸில் விழக்கூடாது, என் கண்ணில் இருக்க வேண்டும். அவன் பேசும்போது இருக்கும் முகத்தைவிட, நான் பேசும்போது அவனுக்கு என்ன ஆகிறது என்பதைத்தான் பார்ப்பார்களாம். இது எனக்கு நியாயமாகப் பட்டது. ந.முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறையில் கணக்கெழுதிக்கொண்டே மற்றவர்கள் பயிற்சி செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்த விஜய் சேதுபதி, இந்தக் கவனிக்கும் வித்தையில் எங்கே போய் நின்றார் என்பது ஊருக்கே தெரியும்.

நேரில் கூப்பிட்டால் இன்னொரு கண்டம். நன்றாகச் செய்து முடித்ததும், “சூப்பர், இப்ப வேற மாதிரி பண்ணுங்க” என்பார்கள். கோபத்தைச் சிரிப்பாக்கு, சிரிப்பைச் சந்தேகமாக்கு. வீட்டில் ஒரே ராகத்தில் உருப்போட்டுக்கொண்டு போனவன் அங்கே விழுந்துவிடுகிறான். ஆகவே என் பேரன் வசனத்தைச் சாமான் துலக்கிக்கொண்டே சொல்லிப் பழகுகிறான், அழுத்தம் எந்தச் சொல்லிலும் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க. அன்று மாற்றினால் பிரம்பு. இன்று மாற்றாவிட்டால், “சொல்லி அனுப்புறோம்.”

போன மாதம் ஒரு பீரியட் படத்துக்கு டேப் கேட்டார்கள். வேடம், நாற்பதுகளின் நாடகக் கம்பெனி நடிகன்! எனக்குத் தலைகால் புரியவில்லை. மண்டியில் கேட்ட குரலை நினைவிலிருந்து இறக்கி, மூச்சை எங்கே பிடிப்பது, கடைசி வரிசையை எப்படி எட்டுவது என்று ராத்திரி முழுக்கச் சொல்லிக்கொடுத்தேன். பையனும் கட்டையை ஏற்றிக் கணீரென்று பேசினான். எதிர் வீட்டில் விளக்கு எரிந்தது. டேப் போனது.

மறுநாளே பதில். “குரல் செம. அதே சீனை நேச்சுரலா, மெதுவா பேசி இன்னொண்ணு அனுப்புங்க.”