கடுகதிக்கு வழி விடுங்கோ!

கொழும்புக் கோட்டையிலிருந்து மட்டக்களப்புக்கு ஏறக்குறைய 350 கிலோமீற்றர். இதை ஓடி முடிக்க உதயதேவிக்கு எட்டு மணிநேரத்துக்கு மேல் வேண்டும். இதற்குப் பெயர் கடுகதி. மற்றக் கோச்சி எவ்வளவு நேரம் எடுக்கும் என்று மட்டக்களப்புப் புளியந்தீவில் கேட்டுப் பாருங்கள். நேரம் சொல்லமாட்டார்கள், கிழமை சொல்வார்கள்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? கடுகதி சின்ன ஸ்டேஷன்களில் நிற்காது என்பார்கள். ஏன் நிற்காது? மாகோவுக்கு இந்தப் பக்கம் ஒற்றைத் தண்டவாளம். எதிர் வண்டி வந்தால், அது கடந்து போகும்வரை ஒரு காட்டு ஸ்டேஷனில் கடுகதியும் காத்துக் கிடக்கத்தான் வேண்டும். சாதாரண வண்டி நின்றால் இறங்கலாம். கடுகதி நின்றால் வேர்வையைத் துடைத்துக்கொண்டு பார்த்திருக்கலாம். ரிக்கற் காசு அந்தப் பார்வைக்குத்தான்.

ஜப்பானில் 1964 இல் ஷின்கான்சென் தொடங்கியபோது அங்கும் இரண்டு தரம் இருந்தது. தோக்கியோவிலிருந்து ஒசாக்கா 515 கிலோமீற்றர். கடுகதியான ஹிக்காரி நாலு மணிநேரத்தில் போனது. எல்லா ஸ்டேஷனிலும் நின்று போகும் கொடாமா ஐந்து மணிநேரத்தில் போனது. அவர்களுடைய அறுபது வருசத்துக்கு முந்திய மெது வண்டியைக் கொண்டுவந்தால், இங்கே அதற்கு விமானக் கட்டணம் கேட்பார்கள்.

எங்கள் பாதை வெள்ளைக்காரன் 1920களில் போட்டது. காட்டுக்குள்ளால் போட்டான், யானையிடம் கேட்கவில்லை. பிறகு வந்த நம்மவர்களும் கேட்கவில்லை. 2025 பெப்ரவரி 20 ஆம் திகதி கல்ஓயாப் பக்கம் மீனகயா என்ற கடுகதி யானைக் கூட்டத்தில் மோதியது. ஆறு யானைகள் செத்தன, வண்டி தடம் புரண்டது. மறுகா என்ன? கூட்டம், அறிக்கை, நேரசூசி மாற்றம். செத்தது யானை, திட்டு வாங்கியது சாரதி, பிந்தி வந்தது பயணி. நூறு வருசமாய் யானைக்கு ஒரு வழி விடாமல் இருந்தவர்கள் மட்டும் கொழும்பில் குளிரூட்டிக்குக் கீழே சுகமாக இருக்கிறார்கள்.

போகட்டும், கொழும்புக்குப் போகிறவனாவது சத்தம் போடுவான், பேப்பரில் வரும். புனானையிலிருந்து மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரி கிளினிக்குக்கு வரும் கிழவியை யார் கேட்பது? வாழைச்சேனை, கல்குடா, ஏறாவூர் என்று வரிசையாக ஸ்டேஷன் இருக்கிறது, பெயர்ப்பலகை மூன்று மொழியில் இருக்கிறது. அவளுடைய நேரத்துக்கு வண்டிதான் இல்லை. எஞ்சின் தட்டுப்பாடு வந்தால் முதலில் வெட்டு விழுவதும் அவளைப் போன்றவர்கள் ஏறும் குட்டி வண்டிக்குத்தான். விடிய முதல் எழும்பி பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருகிறாள். பக்கத்தில் தண்டவாளம் வெறுமனே வெயில் காய்கிறது.

மட்டக்களப்போடு பாதை முடிகிறது. அதற்குத் தெற்கே காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் என்று சனம் நெருங்கி வாழும் கரை முழுதும் கோச்சியின் கூவல் கேளாத கரை. அங்கே கோச்சி தேர்தல் மேடையில் மட்டும் ஓடும். அது எங்கும் நிற்காத உண்மையான கடுகதி.

ஐயா மந்திரிமாரே, தெற்குப் பாதையைப் பிறகு பார்ப்போம். வெலிகந்தையிலிருந்து கிளினிக் நேரத்துக்கு மட்டக்களப்பு வந்து, பின்னேரம் திரும்பும் ஒரு மெது வண்டி விடுங்கள். இரண்டு பெட்டி போதும். திறப்புவிழா வேண்டாம், கொடி காட்ட நீங்கள் வரவும் வேண்டாம். நீங்கள் வந்துசேரும்வரை அதையும் ஸ்டேஷனில் பிடித்து வைப்பார்கள்.