நேராகப் போனால் கடல்

கேள்வி: கார் ஓட்டும்போது ஜி.பி.எஸ்ஸை எந்த அளவுக்கு நம்பலாம்?

பதில்: முன் கண்ணாடி வழியே தெரிவதற்கு அடுத்தபடியாக! 2012-ல் ஆஸ்திரேலியாவில் சுற்றுலா போன மூன்று ஜப்பானிய மாணவர்கள், வடக்கு ஸ்ட்ராட்புரோக் தீவுக்குக் காரிலேயே கிளம்பினார்கள். நடுவில் இருந்த கடல் கருவிக்குத் தெரியவில்லை. நீர் வற்றியிருந்த நேரம், காரை இறக்கிவிட்டார்கள். சேற்றில் வண்டி சிக்கியது, அலை ஏறியது, காரைக் கைவிட்டுக் கரைக்கு நடந்தார்கள். பாவம், சின்னப் பசங்க.

2013-ல் பெல்ஜியத்தில் 67 வயது அம்மணி ஒருவர், நண்பரை அழைத்துவர பிரஸ்ஸல்ஸ் ரயில் நிலையத்துக்குப் புறப்பட்டு, ஜி.பி.எஸ் காட்டிய வழியே குரோஷியாவின் ஜாக்ரெப்பில் போய் நின்றார். சுமார் 1,450 கி.மீ.! வழியில் பலகைகள் ஜெர்மன் பேசின, பெட்ரோல் போட்டார், ஓரங்கட்டித் தூங்கினார். சந்தேகம் மட்டும் வரவில்லை. ஒரே ஆறுதல், ஜாக்ரெப்பிலும் ரயில் நிலையம் இருக்கிறது!