ஆரையின் குடியுரிமை: இலை எண்ணும் முறைக்கு ஒரு மறுப்பு

காரைக்கால் கடைமடை வயல்களில் ஆரைக்கீரை என்று பறிக்கப்படுவது தாவர இயலின்படி கீரைகளோடு சேராது. அது பெரணி, பூவும் விதையும் அறியாத குலம். மார்சிலியா என்ற இதே பேரினத்தைத்தான் மீன்தொட்டிக்காரர்கள் தொட்டியின் முன்பக்கத்தில் பச்சைக் கம்பளம்போல் படர விடுகிறார்கள். வரப்போரம் சும்மா கிடைப்பதைக் காசு கொடுத்து வாங்கும் விந்தையைப் பொருளாதார அறிஞர்கள் பார்த்துக்கொள்ளட்டும். நமக்கு உரிய கேள்வி ஒன்றே: ஆரையை ஆரை என்று எதைக் கொண்டு சொல்வது? நாலு இலையென்றால் ஆரை, மூன்றென்றால் புளியாரை என்பது வழக்கமான விடை. எளிய விடைதான், வரப்பில் செல்லும், தொட்டியில் செல்லாது.

ஏனெனில் நீருக்குள் மூழ்கிய ஆரை பெரும்பாலும் ஒற்றை இலையோடு நிற்கும். சில சமயம் இரண்டு, மூன்று. அதே கொடி நீருக்கு வெளியே தலை நீட்டினால் நாலாக விரியும். காரைக்கால் வாசகருக்கு இது புதிராக இராது. 1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போன ஊர், 1954 நவம்பர் 1 அன்று நடைமுறையில் இந்தியாவோடு சேர்ந்தது. சட்டப்படி சேர்ந்ததோ 1962 ஆகஸ்ட் 16 அன்று. இடைப்பட்ட ஏறத்தாழ எட்டாண்டுகள் ஊர் நடப்பில் ஒன்று, காகிதத்தில் வேறு. தொட்டி ஆரையும் அப்படியே: நடைமுறையில் ஓரிலை, சட்டப்படி நாலிலை. வாயில் போட்டுப் பார்த்தால் புளிப்பு சொல்லிவிடாதா என்பார்கள். புளிப்பு புளியாரையைக் காட்டிக்கொடுக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் ஆரைக்குள்ளேயே உள்ள வகைகளை நாக்கு பிரிக்காது. ஜாவா பெரணியை இலை வடிவம் பார்த்துத்தானே விற்கிறார்கள் என்பது அடுத்த தடை. விற்கட்டும். டிரைடென்ட், நேரோ லீஃப், நுனி சீப்புபோல் கிழிந்த விண்டெலோவ் எல்லாம் ஓரினத்தின் வளர்ப்பு வடிவங்கள். இலை அங்கே வீட்டுப் பெயரைச் சொல்லும், குலப்பெயரைச் சொல்லாது.

குலத்தைச் சொல்வது இளந்தளிர். நாய்வால்போல் சுருண்டு வந்து பிரிந்தால் பெரணி. புளியாரைத் தளிர் அப்படிச் சுருளாது. வகையைச் சொல்வது காம்பின் அடி. அங்கே மிளகளவில் கெட்டியான காய்கள் இருக்கும். (காய் என்பது பேச்சுக்குத்தான், உள்ளே வித்துத்தூள்.) மார்சிலியா மினூட்டாவில் அவை அடியிலேயே கொத்தாக, ஒவ்வொன்றும் தனிக்காம்பில் நிற்கும், குவாட்ரிஃபோலியாவில் சற்று மேலே, கிளைத்த ஒரே காம்பில் இரண்டு மூன்றாக. இரண்டுக்கும் இலை நாலுதான் என்பதைக் கவனிக்க. தொட்டிக்குள் காய் பிடிக்காதே என்பது உண்மையிலேயே வலுவான தடை. நீர் வடிந்து சேறு காயும்போதுதான் ஆரை காய் வைக்கும். ஆகவே ஒரு துண்டுக் கொடியை மண்சட்டியில் நட்டு மொட்டைமாடியில் வைத்துத் தண்ணீரை மெல்ல வற்றவிட வேண்டும். கடைமடைக்காரருக்குத் தண்ணீர் வற்றக் காத்திருப்பது புதிய வித்தையன்று.

பழுத்த காயை நகவெட்டியால் லேசாக நறுக்கித் தண்ணீரில் போட்டால், கொழகொழவென்று ஒரு புழு நெளிந்து வருவதுபோல் பசைவளையம் வெளியே வரும், முதுகில் வித்துப்பைகளைச் சுமந்துகொண்டு. நூறாண்டு வைத்திருந்த காய்கூட முளைத்ததுண்டு. அப்படி முளைக்கும் குஞ்சுச் செடியின் முதல் இலை ஒற்றை, பிறகு இரட்டை, நாலு வருவது அதற்கும் பிறகுதான்.