இறக்கலாமுங்களா?

கோவையில் லேத் பட்டறைச் சத்தம் கேட்டே வளர்ந்த மனுஷர், பழைய பத்மினி காரை மெக்கானிக்கிடம் விட்டுவிட்டுச் சும்மா இருப்பாரா? எஞ்சினை வீட்டிலேயே இறக்கி, போர் போட்டு, புது பிஸ்டன் மாட்டிவிட வேண்டும் என்று யோசிப்பார். யோசித்துக்கொண்டே இருப்பார். இந்த வகையினர் பெரும்பாலும் பணி ஓய்வு பெற்றவர்கள்.

காலையில் பானெட்டைத் திறந்துவைத்தால்தான் இவருக்குக் காபி இறங்கும். பிளக்கைக் கழற்றி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். ஜாதகம் பார்க்கும் ஜோசியர்கூட அப்படி உதட்டைப் பிதுக்கமாட்டார். நுனியில் எண்ணெய்ப் பிசுக்கு, சைலன்சரில் நீலப் புகை. ரிங் தேய்ந்துவிட்டது. இது தெருவுக்கே தெரியும், குறிப்பாகத் துணி காயப்போடுகிறவர்களுக்கு.

"ரிங் மட்டும்னா எப்படியாச்சும் வண்டியிலயே வெச்சுப் பாத்துக்கலாமுங்க. போர் போடோணும்னா பிளாக் லேத்துக்குப் போகோணும், இறக்கித்தானுங்க ஆகோணும்" என்பார் மெக்கானிக். இவர் டைரியில் கணக்குப் போடுவார். நாலு சிலிண்டர், 68 மில்லிமீட்டர் துளை, 1089 சி.சி. துளையை ஒரு மில்லிமீட்டர் பெரிதாக்கினால் 1122. ஆக லாபம் 33 சி.சி.! அந்த 33-ஐ வைத்துக்கொண்டு மனசுக்குள் அந்தக் காலச் சோழவரம் கார் பந்தயத்தில் ஜெயித்துவிட்டுத்தான் குளிக்கப் போவார்.

பேசாமல் டீசல் எஞ்சினே வைத்துவிட்டால்? அதற்கு ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும், ஆர்.சி. புத்தகத்தில் எஞ்சின் எண் மாற வேண்டும். சட்டம் குறுக்கே நிற்பதில் அவருக்கு உள்ளூர ஒரு நிம்மதி.

அடுத்த சிக்கல், எஞ்சினைத் தூக்கும் செயின் பிளாக்கை எதில் மாட்டுவது? போர்ட்டிகோ பீம் தாங்குமா என்று சிவில் எஞ்சினியரைக் கூப்பிட்டுக் காட்டுவார். மாமரக் கிளையைத் தட்டிப் பார்ப்பார். கடைசியில் கண் ஹாலில் ஊஞ்சல் கொக்கிக்குப் போகும்.

"அதுல கை வெச்சீங்க, உங்களைத்தான் மொதல்ல இறக்கோணும்" என்று சமையலறையிலிருந்து குரல் வரும்.

தன் காருக்குத்தான் இத்தனை தயக்கம். அடுத்தவர் கார் என்றால், "கண்ணை மூடிட்டு இறக்கிப்போடுங்க!" இதை நம்பி எதிர்வீட்டுக்காரர் நிஜமாகவே இறக்கிவிட்டார். இப்போது அங்கே கார்ஷெட்டில் பிளாக், திண்ணையில் ஹெட், பூஜை அறை வாசலில் கார்புரேட்டர். எந்த நட்டு எதற்கு என்று தெரியாமல் அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறார். நம்மவர் சாயங்காலம் தவறாமல் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொல்கிறார்:

"கொஞ்சம் யோசிச்சு இறக்கியிருக்கலாமுங்க."