ஆசிரியர் இறந்துவிட்டார்

ஜெர்மன் இலக்கியப் பேராசிரியர்களின் கண் சாதாரணக் கண் அல்ல. பழஞ்சுவடியில் பாதியில் எழுத்தரின் கை மாறியிருந்தால் பிடித்துவிடுவார்கள். இடைச்செருகல் என்றால் வாசனையிலேயே கண்டுகொள்வார்கள். அப்பேர்ப்பட்டவர்கள் நடுவில் ஒரு நாஜி எஸ்.எஸ். படை அதிகாரி அரை நூற்றாண்டு பெயரை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாருக்கும் தெரியாதாம். நம்புவோம்.

ஹான்ஸ் எர்ன்ஸ்ட் ஷ்னைடர், 1909-ல் கோனிக்ஸ்பெர்க்கில் பிறந்தவர். 'ஆனெனெர்பே'யின் ஆள். முன்னோர் மரபை ஆராய்கிறோம் என்ற பெயரில் இனவெறிக்கு அடிக்குறிப்பு எழுதித் தந்த, எஸ்.எஸ். தலைவர் ஹிம்லரின் நிறுவனம் அது. நெதர்லாந்து ஜெர்மானியர் கைக்குப் போனதும் ஹேக் நகரில் அவருக்குப் 'பண்பாட்டுப் பணி'. 1942-ல் அந்தப் பண்பாட்டோடு இன்னொரு வேலையும் சேர்ந்துகொண்டது: டச்சுப் பல்கலைக்கழகங்களிலிருந்து மருத்துவக் கருவிகளைத் திரட்டித் தருவது. டாஹாவ் முகாமில் சிக்மண்ட் ராஷர் என்ற மருத்துவன் கைதிகளைக் காற்றழுத்தக் கூண்டில் அடைத்தும் பனிநீர்த் தொட்டியில் முக்கியும் அவர்கள் எப்படிச் சாகிறார்கள் என்று குறிப்பெடுத்துக்கொண்டிருந்தான். கருவிகள் அவனுக்குத்தான்.

1945-ல் ஜெர்மனி போரில் தோற்றது. ஷ்னைடர் 'ஹான்ஸ் ஷ்வேர்ட்டே' ஆனார். பழைய ஆள் இறந்துவிட்டதாக மனைவி பதிவு செய்தார். 1947-ல் அந்த 'விதவை'யையே புதுப் பெயரில் மணந்தார். ஆசிரியர் இறந்துவிட்டார் என்று பிரெஞ்சு விமர்சகர் ரோலான் பார்த் 1967-ல் எழுதியதைப் பெரிய கண்டுபிடிப்பு என்கிறார்கள். ஜெர்மனியில் அதற்கு இருபது ஆண்டு முன்பே ஒருவர் செய்முறையாகவே நடத்திக் காட்டிவிட்டார்.

பிறகென்ன, ஏறுமுகம்தான். எர்லாங்கனில் டாக்டர் பட்டம். 1962-ல் ஃபவுஸ்ட் என்ற இலக்கியப் பாத்திரத்தைப் பற்றி ஒரு நூல்: ஜெர்மன் தேசியவாதம் ஃபவுஸ்டைத் தன் ஆணவத்துக்கு எப்படித் தோதாக வளைத்துக்கொண்டது என்பதைத் தோலுரிக்கும் நூல். கருத்தியல் விமர்சனத்துக்கு முன்னோடி என்று பாராட்டினார்கள். முன்னோடிதான். தோலுக்குள்ளேயே இருந்தவர் ஆயிற்றே. 1965-ல் ஆஹன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். 1970 முதல் 1973 வரை ரெக்டர்.

இதற்கு மேல் ஒன்று இருக்கிறது, அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. எழுபதுகளில் ஆஹன் இருக்கும் மாநிலத்தின் அரசு டச்சு, பெல்ஜியப் பல்கலைக்கழகங்களோடு உறவு வளர்க்க ஒரு தூதரைத் தேடியது. யாரை நியமித்தது? இவரைத்தான்! எந்த நாட்டுப் பல்கலைக்கழகங்களில் கருவி திரட்டினாரோ, அதே நாட்டுக்கு இப்போது கோட்டும் டையுமாகப் போய்ப் பல்கலைக்கழக நட்புறவு பற்றிப் பேசினார். கைகுலுக்கினார், விருந்து சாப்பிட்டார். 1983-ல் கூட்டாட்சிச் சிலுவைப் பதக்கமும் வந்து நெஞ்சில் தொங்கியது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சமையல்காரன் மட்டும் போதாது. பந்தியில் உட்கார்ந்தவர்களும் ஒத்துழைக்க வேண்டும். ஒத்துழைத்தார்கள், ஏனென்றால் பலர் இலையிலும் ஒரு துண்டு கிடந்தது. 1933-ல் புத்தகம் எரித்த தீக்கு முன்னால் கேர்ஹார்ட் ஃப்ரிக்கே கோட்டிங்கனிலும் ஹான்ஸ் நௌமன் பானிலும் பேசினார்கள். இருவரும் இலக்கியப் பேராசிரியர்கள். ஃப்ரிக்கே போருக்குப் பின் ஷில்லரின் படைப்புகளைப் பதிப்பித்தார். பெயரை மாற்றும் சிரமம்கூட அவருக்கு ஏற்படவில்லை. யூதர் என்பதற்காக 1935-ல் பதவி பறிக்கப்பட்ட விக்டர் க்ளெம்ப்பரருக்கு, பிரெஞ்சு இலக்கியம் கற்பித்த அந்த மனிதருக்கு, பின்னர் நூலகக் கதவையும் சாத்தினார்கள். அப்போது சக அறிஞர்கள் எந்தப் பாடபேதத்தில் மூழ்கியிருந்தார்களோ!

ஆஹனில் கிசுகிசு ஓடாமல் இல்லை. ஆனால் 1995-ல் டச்சுத் தொலைக்காட்சிக்காரர்கள் நெருங்கிய பிறகுதான் ஷ்வேர்ட்டே வாய் திறந்தார். தன்னைத் தானே நாஜி நீக்கம் செய்துகொண்டதாக விளக்கம் வேறு. அடடா! குற்றவாளியும் அவரே, நீதிபதியும் அவரே, விடுதலை செய்தவரும் அவரே. பனிநீர்த் தொட்டியில் கிடந்தவர்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவர்களுக்கு வேறு பெயரில் பிழைத்துவரத் தெரியவில்லை.

பேராசிரியர் பட்டம் போயிற்று, பதக்கம் போயிற்று, ஓய்வூதியம் போயிற்று. கூண்டில் மட்டும் யாரும் ஏற்றவில்லை. துறை கூடி ஆராய்ந்தது: ஆள் வேறு, நூல் வேறு என்று கொள்ளலாமா? அடையாளம் என்பதே ஒரு கட்டமைப்பு அல்லவா? கட்டுரைகள் குவிந்தன. மேற்கோள்கள் எல்லாம் பிழையில்லாமல் இருந்தன.