பூச்சி போட்ட பிச்சை

ஸ்பெயினின் வடக்கே, எப்ரோ ஆற்றங்கரையில் இருக்கிறது ரியோஹா. அந்தப் பெயர் ஒட்டிய சிவப்பு ஒயினை மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி, "ஆஹா, ஓக் மர வாசம்" என்று உருகுகிறவர்கள் இன்று உலகமெங்கும் உண்டு. அந்த ஓக் பீப்பாயைக் கொண்டுவந்த ஆசாமிகளை ஊர்க்காரர்கள் என்ன பாடு படுத்தினார்கள் என்பது மட்டும் லேபிளில் அச்சாவதில்லை.

பழைய முறை சுலபம். திராட்சையைக் குலையோடு கல்தொட்டியில் கொட்டு; ஏறி மிதி; நுரைத்து அடங்கியதும் ஆட்டுத்தோல் பையில் ஊற்றிக் கழுதைமேல் ஏற்று. பை கசியாதிருக்க உள்ளே கீல் பூசியிருப்பதால், ஒயினோடு கீல் நாற்றம் இலவசம். அடுத்த வெயில் காலத்தில் காடியாகிவிடும். அதற்குள் குடித்துத் தீர்த்தால் போயிற்று! ஆனாலும் பெருமைக்குக் குறைச்சலில்லை. 1635இல் லோக்ரோன்யோ நகரத் தலைவர், பாதாள அறைகள் உள்ள தெருக்களில் வண்டி ஓட்டத் தடை போட்டார். அதிர்வில் கீழே உறங்கும் ஒயின் கெட்டுவிடுமாம். கழுதை முதுகில் குலுங்கிக்கொண்டு மலை ஏறும்போது மட்டும் கெடாது போலும்.

முதலில் மாட்டியவர் லபஸ்தீதாவைச் சேர்ந்த மனுவேல் கின்தானோ. பாதிரியார். ஆன்மாக்களை ரட்சித்தது போக மிஞ்சிய நேரத்தில் பிரான்ஸின் போர்தோவுக்குப் போய் ஒயின் வித்தை கற்றுவந்தார். பீப்பாயில் வைத்த ஒயினை 1795இல் ஹவானாவுக்குக் கப்பலேற்றினார். கெடாமல் போய்ச் சேர்ந்தது. பீப்பாய்ச் செலவுக்காகக் கொஞ்சம் விலை கூட்டிக் கேட்டதுதான் தாமதம், சக விவசாயிகள் கொதித்தெழுந்தார்கள். எல்லா ஒயினுக்கும் ஒரே விலை என்று விதி வந்தது. நல்லதற்கும் மட்டத்துக்கும் ஒரே விலை என்றால் எந்தப் பைத்தியக்காரன் நல்லதைச் செய்வான்? பாதிரியார் வழக்காடிப் பார்த்தார். கழுதைதான் ஜெயித்தது.

அறுபது வருஷம் கழித்து, லபஸ்தீதா அடங்கிய ஆலவா மாகாண நிர்வாகத்துக்கு ஞானம் பிறந்தது. போர்தோவில் வாழ்ந்த ரிஸ்கால் பிரபுவிடம், ஒரு கெட்டிக்கார பிரெஞ்சுக்காரரைப் பிடித்துத் தரச் சொன்னது. லானெஸ்ஸான் தோட்டத்தில் ஒயின் செய்துகொண்டிருந்த ழான் பினோ 1862இல் வந்தார். காம்பை நீக்கு, தொட்டியைக் கழுவு, பீப்பாயில் ஊற்று, பொறுத்திரு என்றார். கழுவுவதைக்கூட ஊர் மன்னித்திருக்கும், பொறுத்திருப்பதா? பல வருஷம் சரக்கைப் பூட்டிவைத்தால் கடனுக்கு வட்டியை யார் கட்டுவது? அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. ஒயின் வரலாறு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பிரபுவின் திண்ணையில் உட்கார்ந்தே எழுதுவதால், அது காதில் விழுவதில்லை. 1868இல் மாகாணம் பினோவுக்குக் கும்பிடு போட்டது. எல்சியேகோ கிராமத்தில் 1858இலேயே ஒயின் ஆலை தொடங்கியிருந்த பிரபு, அவரை அப்படியே தூக்கிக்கொண்டார்.

அப்புறம்தான் கதாநாயகன் வருகை. நீளம் ஒரு மில்லிமீட்டர். அமெரிக்காவிலிருந்து ஓசியில் கப்பலேறி வந்த ஃபில்லாக்ஸெரா பூச்சி, 1860களில் பிரான்ஸின் திராட்சை வேர்களை உறிஞ்சத் தொடங்கியது. சரக்கில்லாமல் தவித்த போர்தோ வியாபாரிகள் மலை தாண்டி ரியோஹாவுக்கு ஓடிவந்தார்கள். ஆரோ ஊரில் ரயில் நிலையத்தை ஒட்டியே ஆலைகள் முளைத்தன. 1877இல் லோபெஸ் தெ எரேதியா, 1879இல் குனே. பாதிரியார் சொன்னபோது பாவமாயிருந்த பீப்பாய், பிரெஞ்சுக்காரன் ரொக்கத்தோடு வந்து கேட்டதும் பரம்பரை வழக்கமாகிவிட்டது.

1895இல் போர்தோ கண்காட்சியிலேயே ரிஸ்காலுக்குக் கௌரவப் பட்டயம். பிரெஞ்சு அல்லாத ஒயினுக்கு அது கிடைத்தது அதுவே முதல் முறை. புகழ் வந்தால் போலி வராமலா? காலி பாட்டிலில் மட்டச் சரக்கை ஊற்றி விற்க ஆள் கிளம்பியது. பாட்டிலைச் சுற்றிப் பொன்னிறக் கம்பி வலை மாட்டினார்கள்; வலையை அறுக்காமல் தக்கையைப் பிடுங்க முடியாது. இப்போது அந்த வலை வெறும் அலங்காரம்.

பூச்சிக்குப் பாரபட்சம் கிடையாது. 1899இல் ரியோஹாவுக்கும் வந்து தோட்டங்களை மொட்டையடித்தது. பூச்சியை அனுப்பிய அமெரிக்காவின் வேர்மேலேயே உள்ளூர்க் கொடியை ஒட்டுக்கட்டித்தான் பிழைத்தார்கள்.

நூறு வருஷம் கழித்து, எல்சியேகோவில் கட்டடம் எழுப்ப ரிஸ்கால் ஆலைக்காரர்கள் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் கெரியை அழைத்தார்கள். அவர் பிகு பண்ணினார். பாதாள அறையில் 1929ஆம் வருஷத்து பாட்டில் ஒன்றைத் திறந்தார்கள். அவர் பிறந்த வருஷம், மனிதர் விழுந்துவிட்டார். 2006இல் ஹோட்டல் திறந்தது. கூரையின் டைட்டானியத் தகடுகளில் இளஞ்சிவப்பு ஒயினுக்காக, பொன்னிறம் வலைக்காக, வெள்ளி மூடியின் உறைக்காக.

ரியோஹாவில் இன்று 'கிரான் ரெசெர்வா' என்று லேபிள் ஒட்ட வேண்டுமானால், சிவப்பு ஒயின் ஐந்து வருஷம் காத்துக் கிடக்க வேண்டும், அதில் இரண்டு வருஷமாவது பீப்பாயில். ஊர்க்காரர்களே போட்டுக்கொண்ட விதி அது.